ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நல்லதா?

செல்லப் பிராணிகள் கேள்வி பதில்

போன இதழ்ல உண்ணிய பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதத்துல பாதி உண்ணிய பத்தியே இல்ல. "எங்க நாய மேட்டிங் விடலாமா டாக்டர்"ங்கிறதுதான் திரும்பத் திரும்ப. அதுவும் எல்லாமே சின்ன சைஸ் நாய்ங்க, பாம் (பாமேரியன்), பக், ஷிட்சூ, டாஷ்ஹண்ட். சரி, இந்த மாசம் இதையே பேசிடுவோம், உண்ணிக்காரங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க வீட்டு டாலி பாமேரியன், வெள்ளை, ஒன்றரை வயசு ஆகப்போகுது, எடை 3 கிலோ 200. ரெண்டு தடவ ஹீட் (இணை சேர்ற பருவம்) வந்துருச்சு. பொட்ட நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் கர்ப்பப்பைக்கு நல்லதுன்னு எங்க மாமியார் ஒரே பிடியா நிக்கிறாங்க, குட்டிய வித்தா டாலி செலவ டாலியே பாத்துக்குவாங்கிறார் என் வீட்டுக்காரர். பக்கத்து தெருவுல ஒரு ஆண் பாம் இருக்கான், நல்லா பெருசா சிங்கக்குட்டி மாதிரி இருப்பான், அவங்களும் சரின்னுட்டாங்க. டாலி எல்லார்கிட்டயும் பாசமா இருப்பா, நல்லா சாப்பிடுவா. ஓடும்போது மட்டும் சில சமயம் பின்னங்கால் ஒண்ண தூக்கிக்கிட்டு நாலு எட்டு நொண்டுவா, அப்புறம் ஒரு உதறு உதறிட்டு சாதாரணமா ஓடிருவா. மேட்டிங் விடலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: கடிதத்துல முக்கியமான வரிய கொண்டுபோய் கடைசில போட்டுட்டீங்கம்மா. அந்த நாலு எட்டு நொண்டல்தான் விஷயமே, மிச்சமெல்லாம் அதுக்கு அப்புறம்.

முழங்கால் மேல ஒரு சின்ன சில்லு இருக்கும், கால் மடங்கி நீளும்போது அது தொடை எலும்புல இருக்கிற ஒரு பள்ளத்துல மேலயும் கீழயும் ஓடணும், ஸ்லைடிங் கதவு சேனல்ல ஓடுற மாதிரி. பாம், சிவாவா, யார்க்‌ஷையர் டெரியர் மாதிரி குட்டி நாய்ங்கள்ல நிறைய பேருக்கு அந்த பள்ளம் ஆழமா இருக்காது, அதனால ஓடுற ஓட்டத்துல சில்லு உள்பக்கமா நழுவிடும், கால் மடங்கின வாக்குலயே மாட்டிக்கும், அதான் தூக்கிக்கிறா. உதறும்போது சில்லு திரும்ப பள்ளத்துக்குள்ள வந்து உக்காந்துருது, உடனே ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுறா. வலிக்குதுன்னு கத்தவும் மாட்டா, அதனால வீட்ல யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல, சிலர் அத "ஸ்டைலா ஓடுறா"ன்னு வீடியோ வேற எடுத்து வெச்சிருப்பாங்க.

இதுல நாலு கிரேடு இருக்கு. டாக்டர் விரலால தள்ளினா நழுவி, விட்ட உடனே திரும்ப வந்துச்சுன்னா ஒண்ணு. தானாவே நழுவி அப்புறம் திரும்புதுன்னா ரெண்டு. எப்பவுமே வெளியதான் கிடக்கு, தள்ளினாத்தான் உள்ள போகுதுன்னா மூணு. தள்ளினாலும் வராதுன்னா நாலு. நீங்க எழுதியிருக்கிறத பாத்தா ரெண்டு மாதிரி தெரியுது, ஆனா கைய வெச்சு பாக்காம நான் எழுதக்கூடாது, உங்க ஊர் டாக்டர்கிட்ட காட்டுங்க, நிக்க வெச்சும் படுக்க வெச்சும் ரெண்டு காலயும் பாக்கச் சொல்லுங்க. எக்ஸ்ரே கூட முதல்லயே வேணும்னு இல்ல, கையே சொல்லிடும்.

இது பரம்பரையா வர்றது. டாலிக்கு இருந்தா குட்டிங்களுக்கு வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, அதுல ஒண்ணுக்கு மூணாவது கிரேடா வந்து ஆபரேஷன் டேபிள்ல படுக்கும், அப்ப அந்த குட்டி உங்க வீட்ல இருக்காது, உங்கள நம்பி காசு குடுத்து வாங்கினவங்க வீட்ல இருக்கும். அதனால டாலிக்கு என் பதில், வேண்டாம். கிரேடு ஒண்ணா இருந்தா நல்ல முட்டி இருக்கிற ஆணோட சேக்கலாம்னு சொல்ற பிரீடருங்க இருக்காங்க, அவங்க பல தலைமுறைய எழுதி வெச்சு பாத்து செய்றவங்க. வீட்ல ஒரே ஒரு நாய வளக்கிறவங்களுக்கு அந்த ரிஸ்க் எதுக்கு.

இப்ப மாமியார் விஷயம். அவங்ககிட்ட சண்டைக்கு போகாதீங்க, எங்க அம்மாவும் இதையேதான் சொல்வாங்க, அதுவும் மகள் கால்நடை டாக்டருன்னு தெரிஞ்சே சொல்வாங்க. அவங்க பயம் பொய்யில்ல, மருந்துதான் தப்பு. கருத்தடை ஆபரேஷன் பண்ணாத பொட்ட நாய்ங்களுக்கு ஹீட் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல கர்ப்பப்பைல சீழ் வைக்கிற ஒரு நோய் வரும், பயோமெட்ரான்னு பேரு, நாய் குடம் குடமா தண்ணி குடிக்கும், சோறு திங்காது, வாந்தி எடுக்கும், பின்னாடி நாத்தத்தோட கசிவு வந்தாலும் வரும் வராமலும் இருக்கும், வராததுதான் இன்னும் ஆபத்து. ஸ்வீடன்ல இன்சூரன்ஸ் கணக்க வெச்சு பாத்தப்ப ஆபரேஷன் பண்ணாத பொட்ட நாய்ங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு 10 வயசுக்குள்ள இது வந்திருந்துச்சு. ஒரு தடவ குட்டி போட்டுட்டா இது வராதுன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. கர்ப்பப்பைய எடுத்துட்டா வராது. அவ்ளோதான் கணக்கு. டாலிக்கு ஹீட் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் போகட்டும், ஆபரேஷன் பண்ணிடுங்க, அத்தைக்கு இருக்கிற கர்ப்பப்பை பயமும் அதோட போயிடும்.

வீட்டுக்காரர் கணக்குக்கு வருவோம். பாமுக்கு ஒரு ஈத்துக்கு ஒண்ணுலேர்ந்து மூணு குட்டி, அதிர்ஷ்டம் இருந்தா நாலு. அதுல ஒண்ணு ஆண் நாய்க்காரங்களுக்கு போயிடும், இல்லன்னா ஸ்டட் ஃபீஸ் கேப்பாங்க. ஸ்கேன், எக்ஸ்ரே, பூச்சி மருந்து, தடுப்பூசி, ரெண்டு மாசத்துக்கு தாய்க்கும் குட்டிக்கும் தீனி, இதெல்லாம் போக மிச்சம் பாக்கணும். பிரசவம் சிக்கலாகி தனியார்ல சிசேரியன் பண்ணாங்கன்னு வைங்க, ரெண்டு குட்டி வித்த காச அந்த ஒரு பில்லு சாப்பிட்டுரும். இதுல நாய வெச்சு சம்பாதிச்சேன்னு சொன்ன வீட்டுக்காரங்கள நான் இன்னும் பாக்கல, சம்பாதிக்கிறவங்க வேற மாதிரி ஆளுங்க, அவங்க நாய் இருக்கிற நிலைமைய பாத்தா நமக்கு சோறு இறங்காது.

அந்த சிங்கக்குட்டி மாப்பிள்ளைய பத்தியும் ஒரு வார்த்த. நம்மூர்ல பாமேரியன்னு சொல்றதுல முக்காவாசி இந்தியன் ஸ்பிட்ஸ், கொஞ்சம் பெரிய உடம்பு, நம்ம வெயில நல்லா தாங்கும், அதுல தப்பே இல்ல, நல்ல நாய். ஆதியில பாமே பெருசாத்தான் இருந்துச்சு, 10 கிலோவுக்கு மேல. விக்டோரியா ராணி 1888ல இத்தாலில ஃபுளோரன்ஸ் போனப்ப மார்கோன்னு ஒரு சின்ன பாம் வாங்கிட்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் சின்னதா இருந்தாத்தான் அழகுன்னு எல்லாரும் சின்னதுக்கு சின்னதா சேத்து சேத்து இப்ப கைப்பைக்குள்ள போடுற சைஸுக்கு கொண்டுவந்துட்டாங்க. ஆனா நாய்க்கு உடம்பு சுருங்கின அளவுக்கு குட்டியோட தலை சுருங்கல. அதனால 3 கிலோ பொட்டைக்கு 7 கிலோ ஆண விட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

என் கிளினிக்குக்கு ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பாம கொண்டுவந்தாங்க, டவல்ல சுத்தி, கூட ஒரு காலேஜ் பொண்ணு அழுதுக்கிட்டே. சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து முக்குறாளாம். ஒரே ஒரு குட்டிதான் உள்ள, வயித்துல போட்டியில்லாம தனியா வளந்து தலை பெருசாயிடுச்சு, வழில வந்து மாட்டிக்கிச்சு. வீட்ல யாரோ தெரிஞ்சவர் பிரசவ ஊசி போட்டுவிட்டிருக்கார், அதுதான் நான் பாத்ததுலயே மோசம், வழி அடைச்சிருக்கும்போது அந்த ஊசி போட்டா கர்ப்பப்பை கிழிஞ்சே போகலாம். சிசேரியன் பண்ணேன், தாய் பொழச்சா, குட்டி பொழைக்கல. அந்த பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "டாக்டர், இவளுக்கு இது தேவையா இருந்துச்சா?" அப்பாகாரர் பதில் சொல்லாம வெளிய போய் நின்னுட்டார்.

கேள்வி: டாக்டர், என் பக் பேரு பப்பு, வயசு ஒண்ணே கால். ரொம்ப ஆக்டிவ், நல்ல சுருக்கம், வால் டபுள் கர்ல், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் இருக்கு. ஒருத்தர் அவரோட பொட்டைக்கு கிராஸிங் கேக்கறார், நல்ல ஸ்டட் ஃபீஸும் தரேங்கறார். ஆனா பப்புக்கு ஒரு விதைதான் கீழ இருக்கு, இன்னொன்ன காணோம். அது வர்றதுக்கு ஊசி ஏதாவது இருக்கா? ஒண்ணே போதும் குட்டி நிக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.
வாசகர், மதுரை

பதில்: ஃப்ரெண்ட்ஸ் சொல்றது நெஜம்தான் தம்பி, ஒண்ணே போதும், குட்டி நிக்கும். அதனாலதான் வேண்டாங்கறேன்.

ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு விதையும் கீழ இறங்கியிருக்கணும், ஆறு மாசம் தாண்டியும் வரலன்னா இனி வராதுன்னு எடுத்துக்கலாம். வர வைக்கிற ஊசின்னு யாராவது போட்டாலும் அத நம்பாதீங்க, அப்படியே ஏதோ பண்ணி கீழ கொண்டுவந்தாலும் குட்டிக்கு போற குணம் மாறவா போகுது, கோர்ட்டுக்கு பொய் சாட்சி சொல்ற மாதிரிதான் அது. இதுவும் பரம்பரை, தாய் வழிலயும் வரும், அதனால பப்பு கூடப் பொறந்த பொட்டைங்களும் இத சுமந்துக்கிட்டு இருக்கலாம், அவங்களுக்கு வெளிய தெரியாது அவ்ளோதான். குட்டிய உங்களுக்கு வித்தவருக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, நல்லவரா இருந்தா அடுத்த ஈத்துக்கு அதே ஜோடிய சேக்க மாட்டார்.

வயித்துக்குள்ள தங்கின விதை உடம்பு சூட்டுலயே கிடந்து கிடந்து பின்னாடி கேன்சர் கட்டியா மாற வாய்ப்பு, கீழ இருக்கிறத விட பல மடங்கு அதிகம். ஸ்கேன்ல அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாத்து ரெண்டையும் எடுத்துடறது நல்லது. ஒண்ண மட்டும் எடுத்துட்டு இன்னொன்ன விடச் சொல்லி கேக்கறவங்க உண்டு, ஆம்பளைங்கதான் கேப்பாங்க, ஏன்னு தெரியல.

இன்னொன்னும் சொல்லணும், இது பக்குக்கு ரெண்டு விதையும் சரியா இருந்தாலும் சொல்லியிருப்பேன். 2003 வாக்குல ஒரு செல்போன் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடியே ஒரு பக் போகும், அதுலேர்ந்துதான் நம்மூர்ல "ஹட்ச் நாய்"ன்னு தெருவுக்கு தெரு பக். மூக்க அமுக்கி அமுக்கி அழகுன்னு வளத்துட்டோம், உள்ள இருக்கிற சதை மட்டும் அமுங்கல, மூச்சு வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது. நாய்க்கு நாக்கும் மூக்கும்தான் ஏசி, உடம்பு வேர்க்காது, அந்த வழியே அடைச்சிருந்தா மதுரை மே மாசத்துல என்ன பண்ணும். ஒரு பக் நாய் குட்டி எடுக்கிறதுக்கு தகுதியான்னு பாக்க சுருக்கம், வால் கர்ல் எல்லாம் அப்புறம். காலங்காத்தால குளிர்ச்சியா இருக்கும்போது மூணு நிமிஷம் கொஞ்சம் வேகமா நடத்தி கூட்டிட்டுப் போங்க, நாலு கால் பாய்ச்சல் வேண்டாம், சும்மா ஓட்டமும் நடையுமா. முடிச்ச உடனே காத வெச்சு கேளுங்க. கர் கர்னு குறட்டை மாதிரி சத்தம் முன்ன விட அதிகமாச்சா, மூக்குத் துவாரம் மூச்சு இழுக்கும்போது உள்ள ஒட்டிக்குதா, நிக்க முடியாம படுத்துடுச்சா, நுரை கக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் அது பிரீடிங்குக்கு இல்ல. டாக்டருங்க ஸ்டெதஸ்கோப் வெச்சு இதையே முறையா செஞ்சு கிரேடு போடுவாங்க. தூங்கும்போது வர்ற குறட்டைய "பக்குன்னா அப்படித்தான்"னு சிரிச்சிட்டு விடறோம், அதுக்கு மூச்சு முட்டுது தம்பி, அதான் சத்தம்.

கேசிஐ பேப்பர் பத்தி எழுதியிருந்தீங்க. பேப்பர் அப்பா யாரு அம்மா யாருன்னு சொல்லும். முட்டி எப்படி, மூச்சு எப்படின்னு சொல்லாது.

கேள்வி: எங்க ஷிட்சூ மிஷ்டிக்கு ரெண்டரை வயசு, 5 கிலோ. நீங்க முன்னாடி எழுதினத படிச்சு முட்டி, நெஞ்சு எல்லாம் டாக்டர்கிட்ட காட்டிட்டேன், நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். அவளோட அம்மா என் அக்கா வீட்ல இருக்கா, 7 வயசு, நோய் நொடி இல்ல, ரெண்டு தடவ குட்டி போட்டிருக்கா, ரெண்டும் நார்மல் டெலிவரி. என் அக்கா, நாத்தனார், ஆபீஸ்ல ஒருத்தங்க, மூணு பேரு இப்பவே குட்டி கேட்டு வெச்சிருக்காங்க. வேற என்ன பாக்கணும்? எந்த நாள்ல விடணும்?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இப்படி ஒரு கடிதம் வந்தா எனக்கும் சந்தோஷமா இருக்கும்ல! தாயோட உடம்பும் பிரசவமும் எப்படின்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, அது எந்த டெஸ்ட்டுக்கும் குறைஞ்சது இல்ல. அழகு போட்டோல தெரிஞ்சிடும், ஆரோக்கியத்துக்கு தாயையும் கூடப் பொறந்ததுங்களையும்தான் விசாரிக்கணும், நம்ம பொண்ணு பாக்கப் போற மாதிரியே வைங்களேன்.

ஷிட்சூவுக்குன்னு பாக்க வேண்டியது கிட்னி. பொறக்கும்போதே கிட்னி சரியா உருவாகாத ஒரு குறை இந்த ஜாதில வரும், லாசா ஆப்சோவுலயும் உண்டு, ரெண்டு மூணு வயசு வரைக்கும் வெளிய தெரியாமயே இருக்கலாம். ஒரு ரத்த டெஸ்ட், காலைல முதல் யூரின், வயித்து ஸ்கேன், மூணும் பாத்துடுங்க. குட்டியா இருந்ததுலேர்ந்தே அதிகமா தண்ணி குடிப்பா, அதிகமா ஒண்ணுக்கு போவான்னா கட்டாயம் சொல்லணும். அடுத்து கண்ணு, முழி ரொம்ப வெளிய துருத்திக்கிட்டு இருக்கிற ஷிட்சூவுக்கு சின்ன இடி பட்டாலும் முழி வெளிய வந்துரும், ராத்திரில தட்டுத் தடுமாறுறாளான்னும் கவனிங்க. மூச்சு, பக்குக்கு சொன்னதேதான்.

அப்புறம் நம்ம ஊரு சமாச்சாரம், டிக் ஃபீவர். உண்ணி கடிச்சு ரத்தத்துல தட்டணு குறைஞ்சிருக்கிறது வெளிய தெரியாம இருக்கும், பிரசவத்துல ரத்தம் நிக்காம போகும்போதுதான் தெரியும், அதனால முன்னாடியே ஒரு ரத்த டெஸ்ட். புருசெல்லான்னு ஒரு கிருமி, மேட்டிங்ல பரவும், முக்கால்வாசி நாள் தாண்டி குட்டி கலைஞ்சிடும், மனுஷங்களுக்கும் தொத்தும், அதுக்கு ஆண் பெண் ரெண்டு பேருக்கும் டெஸ்ட் கேளுங்க. ஆண் வீட்டுக்காரங்க முகம் சுளிச்சா அந்த சம்பந்தமே வேண்டாம், வேற பாத்துக்கலாம். தடுப்பூசி நாள் தள்ளியிருந்தா ஹீட்டுக்கு முன்னாடியே போட்டுடுங்க, பூச்சி மருந்தும்.

நாள் கேட்டிருந்தீங்க. எல்லாரும் சொல்றது "ரத்தம் பட்ட பதினோராவது நாள் விடு, பதிமூணாவது நாள் இன்னொரு தடவ விடு". சரியாவும் போகும், பல தடவ தப்பாவும் போகும், ஏன்னா சில பொட்டைங்களுக்கு எட்டாம் நாளே முட்டை விடும், சிலதுக்கு பதினெட்டு ஆகும், அதோட முடி அடர்ந்த நாய்ல முதல் நாள் ரத்தத்த நம்ம பாக்கறதே மூணாவது நாளாத்தான் இருக்கும். புரோஜெஸ்ட்ரோன்னு ரத்த டெஸ்ட் இருக்கு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ எடுத்து பாத்தா முட்டை விடுற நாள் தெரிஞ்சிடும், குட்டி எப்ப பொறக்கும்னு கணக்கும் அதுலயே கிடைக்கும், முட்டை விட்டதுலேர்ந்து 63 நாள், ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன. கோயம்புத்தூர்ல இந்த டெஸ்ட்டுக்கு லேப் இருக்கும், உங்க டாக்டர கேளுங்க. டெஸ்ட் முடியலன்னா அவளையே பாருங்க, ரத்தம் வெளிறி வைக்கோல் தண்ணி கலரா மாறும், முதுகு அடில தடவினா வால ஒரு பக்கமா ஒதுக்கிக் குடுப்பா. அந்த ரெண்டும் வர்றதுக்கு முன்னாடி ஆண பக்கத்துல விட்டா கடிதான் வாங்குவான்.

மேட்டிங் நேரத்துல ரெண்டும் பூட்டிக்கும், பத்து நிமிஷமும் ஆகும் அரை மணியும் ஆகும், பயந்துபோய் தண்ணி ஊத்துறது இழுக்கிறது எல்லாம் கூடவே கூடாது, ரெண்டுக்கும் காயமாகும். சும்மா பக்கத்துல உக்காந்து அவ உக்காராம, திமிராம பிடிச்சிருந்தா போதும்.

25, 30 நாளுக்கு மேல ஸ்கேன்ல சினையான்னு தெரியும். 55 நாளுக்கு மேல ஒரு எக்ஸ்ரே, இத விட்டுடாதீங்க, எத்தன தலைன்னு எண்ணிடலாம். உள்ள நாலுன்னு தெரிஞ்சா மூணு வெளிய வந்த உடனே "முடிஞ்சுதுப்பா"ன்னு காபி குடிக்கப் போக மாட்டீங்க.

கால்சியம். இத பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேன், எடிட்டர் போடுவாரான்னு தெரியல. சினையா இருக்கும்போது பாசத்துல கால்சியம் சிரப் ஊத்துவாங்க, அதுதான் விஷம். வெளிலேர்ந்து கொட்டிக்கிட்டே இருந்தா எலும்புலேர்ந்து கால்சியம் எடுக்கிற வேலைய உடம்பு மறந்துடும், பிரசவமாகி ரெண்டு மூணு வாரத்துல குட்டிங்க நல்லா பால் இழுக்கும்போது ரத்தத்துல கால்சியம் தடால்னு இறங்கும். முதல்ல சும்மா மூச்சு வாங்குவா, நிலைகொள்ளாம சுத்துவா, நடக்கும்போது கால் விறைக்கும், அப்புறம் நடுக்கம், வலிப்பு. சின்ன சைஸ் தாய்ங்களுக்குத்தான் இது அதிகம். அப்படி பாத்தீங்கன்னா குட்டிங்கள பால்லேர்ந்து பிரிச்சிட்டு அந்த நிமிஷமே கிளம்பணும், விடியட்டும்னு உக்காரக்கூடாது. சினை காலத்துல நல்ல குட்டித் தீனி, அதாவது பப்பி ஃபுட், கடைசி மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக் குடுங்க, அதுவே போதும்.

கடைசி வாரம் காலைல சாயங்காலம் டெம்பரேச்சர் எழுதி வைங்க. 101, 102ன்னு இருக்கிறது 99க்கு கீழ இறங்கினா 24 மணி நேரத்துக்குள்ள பிரசவம். இறங்கி ஒரு நாள் ஆகியும் ஒண்ணும் நடக்கல, நல்லா முக்கி அரை மணி ஆகியும் குட்டி வரல, ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் தாண்டிருச்சு, முதல் குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சையா கசியுது, இதுல எது நடந்தாலும் ஆஸ்பத்திரி. ராத்திரில எந்த ஆஸ்பத்திரி தொறந்திருக்கும், யாரு கார் ஓட்டுவாங்க, இத முன்னாடியே பேசி வைங்க. பொறந்த குட்டிய காய்கறி தராசுலயோ சமையல் தராசுலயோ தினம் எடை போடுங்க, முதல் நாள் ஒரு பத்து கிராம் குறையலாம், அதுக்கப்புறம் தினம் ஏறணும், ஏறாத குட்டிதான் நாளைக்கு போற குட்டி, நீங்க பாக்கும்போது நல்லா நெளிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. 2017ல மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள்படி 18 மாசம் முடியாத பொட்டைய விடக்கூடாது, 8 வயசுக்கு மேலயும் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், ஆயுசுக்கு அஞ்சுக்கு மேல கூடாது, மேட்டிங்குக்கு முன்னாடி டாக்டர் பாத்து சர்டிபிகேட் தரணும், 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது. விக்கிறதுக்காக பண்ணா வீட்ல ஒரே நாயா இருந்தாலும் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணிட்டுத்தான் பண்ணணும்.

உங்களுக்கு ஒரே ஒரு எதிர்க் கேள்வி. குட்டி கேட்ட அந்த மூணு பேர்ல எத்தன பேரு "இப்ப இல்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்"னு பின்வாங்குவாங்க? எக்ஸ்ரேல அஞ்சு தலை தெரிஞ்சா மிச்சம் ரெண்டு எங்க போகும்? வீட்லயே வெச்சுக்க முடியும்னா தைரியமா போங்க. மிஷ்டிக்கு என் பதில், விடலாம்.

கேள்வி: எங்ககிட்ட டாஷ்ஹண்ட் ரெண்டு, ஒரே ஈத்து, அண்ணன் தங்கச்சி. ரெண்டுமே சாம்பல்ல புள்ளி புள்ளியா அபூர்வ கலர். தங்கச்சிக்கு ஹீட் வந்துருக்கு. இதுங்கள சேத்தா அதே கலர் குட்டி கிடைக்குமா?
வாசகர், சேலம்

பதில்: உடனே பிரிச்சு வைங்க, இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி. சாதாரண கதவு பத்தாது, மூணு வாரத்துக்கு ஒண்ணு சொந்தக்காரங்க வீட்டுக்கு போகட்டும்.

அந்த புள்ளி கலருக்கு டாப்பிள்னு பேரு, மெர்ல்னும் சொல்வாங்க. ஒரு பக்கத்துலேர்ந்து அந்த ஜீன் வந்தா அழகு. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தா குட்டி முக்காவாசி வெள்ளையா, கண்ணு சின்னதா இல்ல கண்ணே இல்லாம, காது கேக்காம பொறக்கலாம், நாலுல ஒரு குட்டிக்கு அப்படி ரெண்டும் சேர்ற கணக்கு. யாரோட யாரு சேந்தாலும் டாப்பிளும் டாப்பிளும் சேரக்கூடாது, இதுல அண்ணன் தங்கச்சி வேற, குடும்பத்துல ஒளிஞ்சிருக்கிற நோயெல்லாம் ஜோடியா வெளிய வரலாம். டாஷ்ஹண்டுக்கு ஏற்கனவே முதுகு டிஸ்க் பிரச்சினை இருக்கு, அது போதாதா. ஒண்ணுக்காவது ஆபரேஷன் பண்ணிடுங்க, அண்ணனுக்கே பண்ணிடுங்க, அது சுலபம். பண்ணின பிறகும் ஒரு மாசம் தள்ளி வைங்க, மிச்சம் மீதி இருக்கும்.

கேள்வி: எங்க பாம் ஜூலி மூணு மாசம் முன்னாடி ஹீட்ல இருக்கும்போது மாடிப்படி வழியா ஓடிப்போய் தெரு நாயோட சேந்துட்டா. குட்டி எதுவும் நிக்கல. ஆனா இன்னும் ரத்தம் சொட்டு சொட்டா வருது, நக்கிக்கிட்டே இருக்கா. ஹீட் இவ்ளோ நாள் நிக்குமா? அடுத்த ஹீட்டுக்கு நல்ல ஜாதி ஆண் பாத்து வெச்சிருக்கோம்.
வாசகர், திருநெல்வேலி

பதில்: ஹீட் மூணு வாரம், மூணு மாசம் நிக்காது. சேந்ததுல பரவுற ஒரு கட்டி இருக்கு, டிவிடின்னு (TVT) சொல்வோம், தெரு நாய்ங்க அதிகமா இருக்கிற ஊருங்கள்ல சாதாரணமா பாக்கறது, உள்ள காலிஃபிளவர் மாதிரி சதை வளந்து அதுலேர்ந்து ரத்தம் சொட்டும். ஒரு நாய்லேர்ந்து இன்னொரு நாய்க்கு அந்த கட்டி செல்லே நேரா ஒட்டிக்கிட்டு வளரும், விசித்திரமான வியாதி. கர்ப்பப்பைல புண்ணா, டிக் ஃபீவரா, இந்த கட்டியான்னு டாக்டர் விரல விட்டு பாத்து கொஞ்சம் செல் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தா தெரிஞ்சிடும். கட்டிதான்னா பயப்படாதீங்க, வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து, வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நாலுலேர்ந்து ஆறு ஊசில கரைஞ்சே போயிடும், நடுவுல ரத்த டெஸ்ட் பாத்துக்கிட்டே போடுவாங்க. கொஞ்சம் குறைஞ்ச உடனே ரெண்டாவது ஊசியோட நிறுத்திடறவங்க இருக்காங்க, அப்படி பண்ணிடாதீங்க, திரும்ப வரும்.

பாத்து வெச்சிருக்கிற ஆண் நாய் வீட்டுக்காரங்ககிட்ட இன்னிக்கே விஷயத்த சொல்லிடுங்க. அப்புறம் அந்த மாடிப்படில ஒரு கேட் போடுங்க.